இன்னொரு நகல் எங்கே?

உங்கள் வீட்டில் முக்கியமான காகிதங்கள் இருக்கும். ரேஷன் கார்டு. பிள்ளைகளின் மார்க் சீட்டு. ஊர் நிலத்தின் பட்டா. அவற்றை எங்கே வைத்திருக்கிறீர்கள்?

எங்கள் வகுப்பில் ஒரு நாள் இந்தக் கேள்வியைக் கேட்டேன். எங்கள் வகுப்பு ஹெப்பகோடியில் நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாலை, ஒரு ஷீட் வீட்டின் முன் அறையில் பதினைந்து பேர் கூடுவோம். தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கத்தில் இருந்து வேலைக்கு வந்தவர்கள். சிலர் கார்மெண்ட்ஸ் கம்பெனியில் தைக்கிறார்கள். சிலர் பொம்மசந்திராவில் சுமை ஏற்றுகிறார்கள். சிலர் எலெக்ட்ரானிக் சிட்டி ஆபீஸ்களில் துப்புரவு வேலை பார்க்கிறார்கள்.

ஒவ்வொருவரும் பதில் சொன்னார்கள்.

"பீரோவில் இருக்கு" என்றார் ஒரு அண்ணன்.

"அரிசி டிரம்முக்கு அடியில வச்சிருக்கேன். திருடன் அங்க தேட மாட்டான்" என்றார் ஒரு பெரியம்மா. எல்லோரும் சிரித்தோம்.

தையல் வேலை பார்க்கும் அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"எனக்கு டிரங்குப் பெட்டியில இருந்துச்சு கண்ணு. போன மழையில வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சு. பெட்டியோட மூழ்கிடுச்சு. மகளோட பத்தாவது மார்க் சீட்டு மாவு மாதிரி ஆயிடுச்சு."

"அதுக்கு ஜெராக்ஸ் எடுத்து வச்சிருந்தீங்களா அக்கா?"

"எடுத்து வச்சிருந்தேனே. அதே பெட்டியிலதான் இருந்துச்சு."

யாரும் பேசவில்லை. அக்கா சொன்ன கடைசி வார்த்தையில்தான் இன்றைய பாடம் இருக்கிறது.

கம்ப்யூட்டரில் வைக்கும் காகிதங்களுக்கும் இதே கேள்விதான். எங்கே இருக்கிறது? இன்னொரு நகல் எங்கே இருக்கிறது?

"நமக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கலாம். உங்கள் வருகைப் பதிவு கம்ப்யூட்டரில் இருக்கிறது. உங்கள் சம்பளக் கணக்கும், பி.எஃப். கணக்கும், ஆஸ்பத்திரிச் சீட்டும் அங்கேதான் இருக்கின்றன. நாம் கம்ப்யூட்டரைத் தொடாமல் இருக்கலாம். கம்ப்யூட்டர் நம்மைத் தொட்டுக்கொண்டே இருக்கிறது.

ஃபைல், ஃபோல்டர், ஹார்ட் டிஸ்க்

முதலில் மூன்று சொற்களைத் தெரிந்துகொள்வோம்.

ஃபைல் என்பது ஒரு காகிதம் போன்றது. ஒரு கடிதம் ஒரு ஃபைல். ஒரு போட்டோ ஒரு ஃபைல். ஒரு மாதச் சம்பளக் கணக்கு ஒரு ஃபைல்.

ஃபோல்டர் என்பது பை போன்றது. பல ஃபைல்களை ஒரே ஃபோல்டரில் போடலாம். "சம்பளம்" என்று அதற்குப் பெயர் எழுதலாம்.

ஹார்ட் டிஸ்க் என்பது பீரோ போன்றது. எல்லா ஃபோல்டர்களும் அதற்குள் இருக்கும். அது கம்ப்யூட்டரின் உள்ளே இருக்கிறது. வெளியே தெரியாது.

பல கம்ப்யூட்டர்களில் ஹார்ட் டிஸ்க்கின் உள்ளே வட்டத் தட்டு இருக்கும். கம்ப்யூட்டர் ஓடும்போது அந்தத் தட்டு சுழலும். நிமிடத்துக்கு 7,200 சுற்று சுழலும் டிஸ்க்குகள் உண்டு. தட்டின் மேல் ஒரு சிறிய முள் படாமல் நகரும். அந்த முள்தான் எழுதுகிறது, படிக்கிறது. முள் தட்டில் உரசினால் எழுதியது அழியும்.

புதிய கம்ப்யூட்டர்களில் சுழலும் தட்டு இல்லை. போனில் இருப்பது போன்ற சில்லு இருக்கிறது. அது உரசாது. ஆனால் அதுவும் ஒரு நாள் கெடும். கெடாத பீரோ என்று எதுவும் கிடையாது.

காலண்டரில் எழுதிய அண்ணன்

இனி என் கதையைச் சொல்கிறேன். நான் பள்ளிப் படிப்போடு நின்றவள். பொம்மசந்திரா பக்கம் ஒரு சிறிய கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். சுமை ஏற்றுகிறவர்களின் ஓ.டி. கணக்கை எழுதுவது என் வேலை. ஓ.டி. என்றால் ஷிப்ட் முடிந்த பிறகு செய்யும் கூடுதல் வேலை. அதற்குத் தனிக் கூலி உண்டு.

தினமும் சூப்பர்வைசர் ஒரு துண்டுச் சீட்டு தருவார். யார் எத்தனை மணி நேரம் கூடுதலாக வேலை செய்தார்கள் என்று அதில் இருக்கும். நான் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். பிறகு சீட்டைக் கிழித்துப் போடுவேன். "கம்ப்யூட்டரில்தான் இருக்கிறதே" என்று நினைத்தேன்.

ஒரு திங்கட்கிழமை காலை கம்ப்யூட்டர் திறக்கவில்லை. உள்ளே "டிக், டிக்" என்று சத்தம் வந்தது. பழுது பார்ப்பவர் வந்தார். காது வைத்துக் கேட்டார். "டிஸ்க் போயிடுச்சும்மா" என்றார்.

மூன்று வாரக் கணக்கு அதில் இருந்தது. பதினான்கு பேருடைய உழைப்பு அதில் இருந்தது. வேறு எங்கும் இல்லை.

கம்பெனியில் என்ன செய்தார்கள்? "ஆளுக்கு இருபது மணி நேரம்" என்று உத்தேசமாக எழுதினார்கள். சிலர் இருபது மணி நேரம் செய்திருக்கலாம். சிலர் அதைவிட நிறையச் செய்திருந்தார்கள். ஆனால் சொல்ல ஆதாரம் இல்லை.

அப்போது தருமபுரி அண்ணன் ஒருவர் ஆபீசுக்குள் வந்தார். கையில் ஒரு மாதக் காலண்டர். மளிகைக் கடையில் கொடுத்த காலண்டர். ஒவ்வொரு தேதிக்கும் கீழே பென்சிலில் ஒரு சின்ன எண் இருந்தது. 2. 3. 0. 2. 4.

அவர் எங்கள் வகுப்பில் ஒரு வருடம் படித்தவர். எண்களை எழுதவும் கூட்டவும் அங்கேதான் கற்றார். காலண்டரின் ஓரத்தில் கூட்டியும் வைத்திருந்தார். மொத்தம் 37.

சூப்பர்வைசர் காலண்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தேதியும் லாரி வந்த நாளும் சரியாக இருந்தன. அண்ணனுக்கு 37 மணி நேரக் கூலி கிடைத்தது.

மற்ற பதின்மூன்று பேருக்கும் இருபதுதான்.

அதில் ஒரு அக்கா என்னிடம் வந்தார். "நான் ஒரு நாள் கூட லீவு போடலையே கண்ணு" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அன்று நான் ஒன்று கற்றேன். பென்சிலில் எழுதிய காலண்டர் கம்ப்யூட்டரை விட உயர்ந்தது என்று சொல்ல மாட்டேன். காலண்டரும் நனையும், கிழியும். ஆனால் அண்ணனின் கணக்கு இரண்டு இடத்தில் இருந்தது. மற்றவர்களின் கணக்கு ஒரே இடத்தில் இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

குழாய் இங்கே, தொட்டி அங்கே

அதன் பிறகு கம்பெனியில் ஒரு புதிய ஏற்பாடு செய்தார்கள். அதற்குப் பொது டிரைவ் என்று பெயர்.

பொது டிரைவ் என்றால் என்ன? நம் ஊர்த் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள்.

முன்பு ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குடம். குடம் உடைந்தால் தண்ணீர் போகும். பிறகு ஊருக்குப் பொதுவாக மேல்நிலைத் தொட்டி கட்டினார்கள். வீட்டுக்கு வீடு குழாய் போட்டார்கள். இப்போது குழாய் நம் வீட்டில் இருக்கிறது. தண்ணீர் தொட்டியில் இருக்கிறது.

பொது டிரைவும் அப்படித்தான். ஆபீசில் தனி அறை ஒன்றில் ஒரு கம்ப்யூட்டர் இரவும் பகலும் ஓடும். அதற்கு சர்வர் என்று பெயர். அதுதான் தொட்டி. மற்ற கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஒயர் மூலம் அதனுடன் சேர்ந்திருக்கும். அந்த இணைப்புக்கு நெட்வொர்க் என்று பெயர். அதுதான் குழாய்.

என் கம்ப்யூட்டரில் என் ஃபோல்டர் முன்பு போலவே தெரிந்தது. அதே படம், அதே பெயர். ஆனால் உள்ளே இருந்த ஃபைல்கள் என் மேசையில் இல்லை. சர்வரில் இருந்தன.

இதில் என்ன நன்மை?

ஒன்று: என் கம்ப்யூட்டர் கெட்டாலும் ஃபைல் போகாது. பக்கத்து மேசைக்குப் போய், என் பெயரையும் பாஸ்வேர்டையும் போட்டால் என் ஃபோல்டர் அங்கே திறக்கும்.

இரண்டு: நான் லீவு போட்டாலும் வேலை நிற்காது. அனுமதி உள்ள இன்னொருவர் அதே ஃபைலைத் திறக்கலாம்.

மூன்று: நகல் எடுப்பது எளிது. இருபது கம்ப்யூட்டருக்கு இருபது நகல் எடுக்க வேண்டாம். தொட்டிக்கு மட்டும் எடுத்தால் போதும்.

தொல்லையும் உண்டு. ஒயர் அறுந்தால் ஃபோல்டர் திறக்காது. சர்வர் நின்றால் எல்லோர் வேலையும் நிற்கும். தொட்டி காய்ந்தால் ஊருக்கே தண்ணீர் இல்லை அல்லவா?

யாரிடம் சாவி?

பொது இடம் என்றால் எல்லோரும் எல்லாவற்றையும் பார்க்கலாமா? கூடாது.

பொது டிரைவில் மூன்று வகை அனுமதி உண்டு. சிலர் பார்க்க மட்டும் செய்யலாம். சிலர் பார்த்து எழுதலாம், திருத்தலாம். சிலரால் திறக்கவே முடியாது. யாருக்கு எந்த அனுமதி என்பதை சர்வரைப் பார்த்துக்கொள்பவர் முடிவு செய்து வைப்பார்.

சம்பள ஃபோல்டரை எல்லோரும் திறந்தால் என்ன ஆகும்? ஒருவர் வாங்கிய கடன், ஒருவருடைய ஆதார் எண், ஒருவருடைய நோய்ச் சீட்டு எல்லாம் வெளியே வரும். ஆகவே பொது டிரைவில் சொந்தக் காகிதம் வைப்பவர்கள் முதலில் கேட்க வேண்டும். "இந்த ஃபோல்டரை வேறு யார் திறக்க முடியும்?"

இன்னொரு ஆபத்தும் உண்டு. அதையும் எங்கள் கம்பெனியிலேயே பார்த்தேன்.

புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி பொது டிரைவைச் சுத்தம் செய்ய நினைத்தான். நல்ல எண்ணம்தான். பழைய ஃபோல்டர் என்று நினைத்து ஒன்றை அழித்தான். அதில் எல்லோருடைய வருகைப் பதிவும் இருந்தது.

நம் கம்ப்யூட்டரில் ஒரு ஃபைலை அழித்தால் அது முதலில் குப்பைக் கூடைக்குப் போகும். கூடையில் இருந்து திரும்ப எடுக்கலாம். பொது டிரைவில் அழித்தால் பெரும்பாலும் நம் கம்ப்யூட்டரின் கூடைக்கு வராது. நேரே போய்விடும். அந்தத் தம்பிக்கு இது தெரியாது. எனக்கும் தெரியாது. கூடையைத் திறந்து பார்த்தோம். காலியாக இருந்தது. தம்பியின் முகம் வெளுத்துவிட்டது.

ஆனால் இந்த முறை யாருக்கும் நஷ்டம் வரவில்லை. ஏன்? தினமும் இரவில் பொது டிரைவுக்கு ஒரு நகல் எடுத்து வந்தார்கள். தனி டிஸ்க்கில் எடுத்து, கழற்றி, வேறு அறையில் பூட்டி வைத்தார்கள். அந்த நகலில் இருந்து ஃபோல்டர் திரும்பி வந்தது. அன்று காலையில் எழுதியது மட்டும் போனது. அதை மீண்டும் எழுதினோம்.

இப்படி எடுத்து வைக்கும் நகலுக்கு ஆபீசில் பேக்கப் என்று சொல்வார்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நல்ல சர்வரில் இரண்டு டிஸ்க் இருக்கும். இரண்டிலும் ஒரே நேரத்தில் ஒன்றையே எழுதும். ஒரு டிஸ்க் கெட்டால் மற்றது காப்பாற்றும். ஆனால் ஒருவர் தவறாக அழித்தால்? இரண்டிலும் ஒரே நேரத்தில் அழியும். ஒரே பெட்டிக்குள் இருக்கும் இரண்டு, இரண்டு ஆகாது. டிரங்குப் பெட்டி அக்காவின் ஜெராக்ஸ் போலத்தான்.

டெல்லியில் நடந்தது

டெல்லியில் எய்ம்ஸ் என்ற பெரிய அரசு மருத்துவமனை இருக்கிறது. நாட்டின் பல மூலைகளில் இருந்தும் நோயாளிகள் அங்கே வருகிறார்கள். சீட்டுப் போடுவது, ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்ப்பது எல்லாம் கம்ப்யூட்டரில் நடக்கும்.

2022 நவம்பர் 23 அன்று அந்த வேலைகள் நின்றுபோயின. யாரோ வெளியில் இருந்து கம்ப்யூட்டர்களுக்குள் நுழைந்துவிட்டார்கள். உள்ளே இருந்ததை யாரும் படிக்க முடியாதபடி பூட்டிவிட்டார்கள். வீட்டுக்குள் புகுந்து, நம் பீரோவுக்குத் தன் பூட்டைப் போட்டுவிட்டுப் போவது போல. ஐந்து சர்வர்கள் பாதிக்கப்பட்டன.

டாக்டர்களும் ஊழியர்களும் மறுபடியும் காகிதத்தில் எழுதினார்கள். நாள் கணக்கில் இப்படி நடந்தது. நோயாளிகள் நீண்ட வரிசையில் நின்றார்கள்.

ஆனால் மருத்துவமனைக் கணக்குகள் திரும்பி வந்தன. காரணம், பாதிக்கப்படாத ஒரு பேக்கப் சர்வர் இருந்தது. அதில் இருந்து எடுத்துப் புதிய சர்வர்களில் ஏற்றினார்கள் என்று அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது.

கொரியாவில் நடந்தது

இப்போது தென் கொரியாவைப் பார்ப்போம். கம்ப்யூட்டரில் மிகவும் முன்னேறிய நாடு. நம் வீடுகளில் இருக்கும் சில டி.வி.க்களும் போன்களும் அந்த நாட்டுக் கம்பெனிகளுடையவை.

அங்கே அரசு ஊழியர்களுக்காக ஒரு பொது டிரைவ் இருந்தது. அதன் பெயர் ஜி-டிரைவ். 2018 முதல், வேலைக் காகிதங்களைத் தங்கள் கம்ப்யூட்டரில் வைக்காமல் அதில் வைக்கும்படி ஊழியர்களிடம் சொன்னார்கள். ஒவ்வொருவருக்கும் சுமார் 30 ஜி.பி. இடம் கொடுத்தார்கள். ஒன்றேகால் லட்சம் ஊழியர்கள் அதைப் பயன்படுத்தினார்கள்.

அந்த டிரைவ் தேஜான் என்ற நகரில், அரசின் கம்ப்யூட்டர் நிலையத்தில் இருந்தது. 2025 செப்டம்பர் 26 இரவு அங்கே தீப் பிடித்தது. பேட்டரிகளை இடம் மாற்றும் வேலை நடந்தபோது ஒரு பேட்டரியில் தீ கிளம்பியது. பக்கத்துப் பேட்டரிகளுக்கும் பரவியது. தீயை முழுவதும் அணைக்க மறுநாள் மாலை ஆனது. அரசின் 600-க்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர் சேவைகள் நின்றன.

நின்றவற்றில் பலவற்றைப் பிறகு ஓட வைத்தார்கள். ஜி-டிரைவை மட்டும் முடியவில்லை. அது எரிந்துவிட்டது. அதற்கு வெளியே நகல் இல்லை. "அளவு மிகப் பெரியது, அதனால் வெளியே நகல் எடுக்கவில்லை" என்றார்கள்.

எவ்வளவு பெரியது? 858 டெராபைட். ஒரு டெராபைட் என்பது சுமார் 1,000 ஜி.பி. இன்று பலர் வைத்திருக்கும் போனில் 128 ஜி.பி. இடம் இருக்கிறது. அப்படிப்பட்ட 6,700 போன்கள் நிறையும் அளவு. அத்தனையும் ஒரே இரவில் சாம்பலானது.

இதில் இன்னொரு பாடமும் இருக்கிறது. அந்த நாட்டில் அரசு ஊழியர் நியமனத்தைக் கவனிக்கும் துறை ஒன்று உண்டு. அந்தத் துறையில் எல்லோரும் எல்லாவற்றையும் ஜி-டிரைவில்தான் வைத்தார்கள். சொன்னபடி ஒழுங்காகச் செய்தவர்கள் அவர்கள். அவர்களுக்குத்தான் பெரிய நஷ்டம். ஜி-டிரைவை அதிகம் பயன்படுத்தாத துறைகளுக்கு நஷ்டம் குறைவு.

பிறகு அந்த ஊழியர்கள் என்ன செய்தார்கள்? தங்கள் கம்ப்யூட்டரில் மிச்சம் இருந்த ஃபைல்களைத் தேடினார்கள். முன்பு அனுப்பிய மெயில்களைத் தேடினார்கள். அச்சடித்து வைத்த காகிதங்களைத் தேடினார்கள். நம் அண்ணனின் காலண்டர் போல, எங்கேயாவது இன்னொரு நகல் இருக்காதா என்று தேடினார்கள்.

டெல்லியில் தொட்டியைப் பூட்டினார்கள். இன்னொரு தொட்டி இருந்தது, பிழைத்தார்கள். கொரியாவில் தொட்டி எரிந்தது. இன்னொரு தொட்டி இல்லை.

ஓலைக்கும் இதே விதி

இது கம்ப்யூட்டர் வந்த பிறகு வந்த புத்தி அல்ல. நம் முன்னோர் காலத்திலும் இதே கதைதான்.

நம் பழைய நூல்கள் பனை ஓலையில் இருந்தன. ஓலையைக் கறையான் அரிக்கும். நாள் ஆனால் பொடியாகும். அதனால் பழைய ஓலையைப் பார்த்துப் புதிய ஓலையில் மறுபடி எழுதி வைத்தார்கள். பல ஊர்களில், பல வீடுகளில் வைத்தார்கள். உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராகப் போய் அந்த ஓலைகளைத் தேடினார். ஒரு வீட்டு ஓலையில் இல்லாத வரி இன்னொரு வீட்டு ஓலையில் கிடைத்தது. ஒப்பிட்டுப் பார்த்து 1887-ல் சீவக சிந்தாமணியை அச்சிட்டார். பல இடத்தில் நகல் இருந்ததால் அந்த நூல் இன்று நம்மிடம் இருக்கிறது.

யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் இருந்தன. 1981-ல் அந்த நூலகத்தை எரித்தார்கள். அச்சிட்ட புத்தகங்களில் பலவற்றை மறுபடி வாங்க முடிந்தது. வேறு எங்கும் நகல் இல்லாத சுவடிகள் போனது போனதுதான்.

தண்ணீர், தீ, கறையான், திருடன், கைத்தவறு. எது வரும், எப்போது வரும் என்று நமக்குத் தெரியாது. ஆனால் இரண்டு ஊரில் ஒரே நாளில் வருவது அபூர்வம்.

மூன்று, இரண்டு, ஒன்று

கம்ப்யூட்டர் வேலை தெரிந்தவர்கள் ஒரு எளிய விதி வைத்திருக்கிறார்கள். விரல் விட்டு எண்ணிக்கொள்ளுங்கள்.

மூன்று: முக்கியமானது எதுவும் மூன்று நகலாக இருக்கட்டும்.

இரண்டு: இரண்டு வகைப் பொருளில் இருக்கட்டும். ஒன்று கம்ப்யூட்டரில் என்றால், இன்னொன்று தனி டிஸ்க்கில் அல்லது காகிதத்தில்.

ஒன்று: ஒரு நகலாவது வேறு ஊரில், வேறு வீட்டில் இருக்கட்டும்.

இதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நகலை அவ்வப்போது திறந்து பாருங்கள். சிலர் வருடக் கணக்கில் நகல் எடுப்பார்கள். தேவைப்படும் நாளில் திறந்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. மழை வரும் முன்பே குடையை விரித்துப் பார்க்க வேண்டும்.

நாம் என்ன செய்யலாம்?

நம்மிடம் சர்வர் இல்லை. ஆனாலும் நாம் செய்யக்கூடியவை இருக்கின்றன.

வேலை செய்த நேரத்தை நீங்களும் எழுதி வையுங்கள். காலண்டரில் எழுதலாம், நோட்டில் எழுதலாம். தேதி, மணி. இரண்டு எண் போதும். சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். போட்டோ எடுத்து வையுங்கள்.

முக்கியமான காகிதங்களைப் போனில் போட்டோ எடுங்கள். போனும் தொலையும். ஆகவே அந்தப் போட்டோவை ஊரில் இருக்கும் நம்பிக்கையான ஒருவருக்கும் அனுப்புங்கள். ஒரு ஜெராக்ஸ் எடுத்து ஊர் வீட்டில் கொடுத்து வையுங்கள்.

அரசு 2015-ல் டிஜிலாக்கர் என்ற ஏற்பாட்டைத் தொடங்கியது. அது நமக்கான பெட்டி. பெட்டி நம் பெயரில் இருக்கும், இடம் அரசின் சர்வரில் இருக்கும். ஆதார், ஓட்டுநர் உரிமம், பல பள்ளி வாரியங்களின் மார்க் சீட்டு ஆகியவற்றை அதில் எடுக்கலாம். காசு கிடையாது. போன் எண்ணும் ரகசிய எண்ணும் வேண்டும். ரகசிய எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள்.

பிரவுசிங் சென்டரிலும் ஜெராக்ஸ் கடையிலும் கவனமாக இருங்கள். பிரிண்ட் எடுக்க நாம் அனுப்பும் ஆதார் அவர்கள் கம்ப்யூட்டரில் தங்கிவிடும். அதுவும் ஒரு பொது இடம்தான். அடுத்து வருபவர் அதைப் பார்க்கலாம். வேலை முடிந்ததும் "என் ஃபைலை அழித்துவிடுங்கள் அண்ணா" என்று கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம். ஆதாரில் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் நகலும் உண்டு. அது போதும் என்ற இடத்தில் அதையே கொடுங்கள்.

ஆபீசில் வேலை செய்யும் நம் பிள்ளைகளிடமும் கேளுங்கள். "உன் ஃபோல்டர் எங்கே இருக்கு? வேற யாரு திறப்பாங்க? நகல் எங்கே இருக்கு?" பிள்ளைகள் முதலில் சிரிப்பார்கள். பிறகு யோசிப்பார்கள்.

போன மாதம் தையல் அக்காவின் மகள் பள்ளிக்குப் போய் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தாள். மார்க் சீட்டுக்கு நகல் கேட்டிருக்கிறாள். அலைச்சல்தான். கட்டணமும் கட்ட வேண்டும். ஆனால் கிடைக்கும். ஏனென்றால் அவள் வாங்கிய மதிப்பெண் தேர்வு வாரியத்திலும் பதிவாகி இருக்கிறது. அந்த நகல் நம் வீட்டு மழையில் நனையவில்லை.

"இந்த முறை வந்ததும் மூணு ஜெராக்ஸ் எடுப்பேன் கண்ணு" என்றார் அக்கா.

"எங்கே வைப்பீங்க?"

அக்கா விரல் விட்டு எண்ணினார். "ஒண்ணு இங்க. ஒண்ணு மகளோட போன்ல. ஒண்ணு ஊர்ல எங்கண்ணன் வீட்ல."

அரிசி டிரம் பெரியம்மா எழுந்தார். "நானும் வீட்டுக்குப் போய் டிரம்மைத் தூக்கணும்" என்றார்.

சொற்களைத் தெரிந்துகொள்வோம்

ஃபைல் – கம்ப்யூட்டரில் இருக்கும் ஒரு காகிதம்
ஃபோல்டர் – ஃபைல்களைப் போட்டு வைக்கும் பை
ஹார்ட் டிஸ்க் – ஃபோல்டர்கள் இருக்கும் பீரோ
சர்வர் – எல்லோருக்கும் பொதுவாக ஓடும் கம்ப்யூட்டர்
நெட்வொர்க் – கம்ப்யூட்டர்களைச் சேர்க்கும் இணைப்பு
பேக்கப் – தனியாக எடுத்து வைக்கும் நகல்

பேசுவோம்

1. தருமபுரி அண்ணனுக்கு மட்டும் முழுக் கூலி ஏன் கிடைத்தது?
2. பொது டிரைவைத் தண்ணீர்த் தொட்டி என்று ஏன் சொன்னோம்?
3. டெல்லியில் கணக்கு திரும்பி வந்தது. கொரியாவில் ஏன் வரவில்லை?
4. டிரங்குப் பெட்டி அக்காவிடம் ஜெராக்ஸ் இருந்தது. ஆனாலும் ஏன் பயன்படவில்லை?

செய்வோம்

ஒரு தாளில் மூன்று கோடு போடுங்கள். முதல் கட்டத்தில் உங்கள் முக்கியமான காகிதத்தின் பெயரை எழுதுங்கள். அடுத்த கட்டத்தில் அது எங்கே இருக்கிறது என்று எழுதுங்கள். மூன்றாவது கட்டத்தில் இன்னொரு நகல் எங்கே என்று எழுதுங்கள். மூன்றாவது கட்டம் காலியாக இருந்தால், இந்த வாரமே அதை நிரப்புங்கள்.